இரகசியத்தின் விலை: மாயவித்தை மேடையின் உண்மைக் கதை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் சொல். ஆனால், கண்ணால் காண்பது பொய் என்று தெரிந்தே காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போய்க் கைதட்டிவிட்டு வரும் இடம் ஒன்று உண்டு. அதுதான் மாயவித்தை மேடை.

அந்த மேடையைக் களமாகக் கொண்டு, திருப்பத்திற்கு மேல் திருப்பம் வைத்து எடுக்கப்பட்ட ஆங்கிலப் படம் 'தி பிரெஸ்டீஜ்'. 2006ஆம் ஆண்டு வெளிவந்த இதனை இயக்கியவர் கிறிஸ்டோபர் நோலன். கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1995ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட நாவலே இப்படத்திற்கு மூலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மாநகரில் கதை நடக்கிறது. ராபர்ட் ஆஞ்சியர், ஆல்பிரட் போர்டன் என்னும் இரு இளைஞர்கள் ஒரே வித்தைக்காரரிடம் உதவியாளர்களாக இருந்து தொழில் கற்கிறார்கள். மேடையில் நடக்கும் ஒரு விபத்தில், தண்ணீர்த் தொட்டிக்குள் சிக்கி ஆஞ்சியரின் மனைவி இறந்து போகிறாள். அன்று தொடங்குகிறது பகை. ஒருவர் வித்தையை மற்றவர் கெடுப்பதும், ஒருவர் இரகசியத்தை மற்றவர் திருடுவதுமாக அது வளர்கிறது. போர்டன் ஒரு கதவுக்குள் நுழைந்த மறுகணமே மேடையின் இன்னொரு மூலையில் இருக்கும் கதவு வழியாக வெளியே வருகிறார். எப்படி? அதுதான் படத்தின் முடிச்சு. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்த முடிச்சு இங்கே அவிழ்க்கப்படவில்லை.

ஆனால், படம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மனத்தில் நிற்கிறது. ஒரு வித்தையின் இரகசியத்தைக் காப்பாற்ற ஒரு மனிதன் எவ்வளவு விலை கொடுக்கலாம்? இது கற்பனைக் கதைக்கு மட்டுமே உரிய கேள்வி அல்ல. உண்மையான வித்தைக்காரர்களின் வரலாற்றைப் புரட்டினால், படத்தில் வரும் பல சம்பவங்களின் வேர்கள் அங்கே கிடக்கின்றன.

ஒரு பெயர், இரண்டு மனிதர்கள்

படத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு காட்சி. வயதான சீன வித்தைக்காரர் ஒருவர் வெறுங்கையுடன் மேடைக்கு வந்து, மீன்கள் நீந்தும் பெரிய கண்ணாடித் தொட்டியை வரவழைக்கிறார். நடக்கவே சிரமப்படும் கிழவருக்கு அவ்வளவு கனமான தொட்டி எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் திகைக்கிறார்கள். போர்டனுக்கு மட்டும் விடை தெரிந்துவிடுகிறது. தொட்டி நீண்ட அங்கிக்குள் கால்களுக்கிடையே இருந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் தெருவிலும் தள்ளாடி நடக்கிறார். வாழ்நாள் முழுவதும் நடிக்கிறார். படத்தில் அவர் பெயர் சுங் லிங் சூ.

வரலாற்றில் இந்த ஒரு பாத்திரத்திற்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். முதலாமவர் சிங் லிங் ஃபூ. இவர் உண்மையான சீனர். 1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓமாஹா நகரில் நடந்த பெரிய கண்காட்சிக்கு வந்து புகழ்பெற்றார். ஒரு துணியை உதறிவிட்டு, தண்ணீர் ததும்பும் பெரிய பாத்திரத்தை மேடையில் தோன்றச் செய்வது அவருடைய சிறப்பு வித்தை. அதைச் செய்து காட்டுவோருக்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவிக்கப்பட்டது.

அந்தச் சவாலை ஏற்க முன்வந்தார் வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் என்ற அமெரிக்கர். 1861ஆம் ஆண்டு பிறந்தவர். ஹாரி கெல்லர், அலெக்சாண்டர் ஹெர்மன் ஆகிய இரு பெரும் வித்தைக்காரர்களுக்குத் திரைமறைவில் கருவிகள் செய்து கொடுத்துவந்த கைதேர்ந்த நிபுணர். ஆனால், மேடையில் நின்று பேசி மக்களைக் கவரும் திறமை அவருக்கு வாய்க்கவில்லை. சவாலுக்குச் சென்ற அவரை ஃபூவின் தரப்பு ஏற்றுக்கொள்ளவில்லை.

அதற்கு அவர் தேடிக்கொண்ட பதில் விசித்திரமானது. 1900ஆம் ஆண்டு தலையை மழித்து, சடை பின்னி, பட்டு அங்கி அணிந்து சீனராகவே மாறிவிட்டார். சுங் லிங் சூ என்று பெயர் வைத்துக்கொண்டு லண்டன் மேடைகளில் ஏறினார். பேசும் திறமை இல்லையே என்ற குறையும் தீர்ந்தது. 'ஆங்கிலம் தெரியாத சீனர்' மேடையில் பேச வேண்டியதில்லை அல்லவா? செய்தியாளர்கள் பேட்டி காண வந்தால் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார். சக வித்தைக்காரர்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் மட்டுமே உண்மை தெரியும்.

1905ஆம் ஆண்டு சனவரி மாதம் உண்மையான சீனரும் பொய்யான சீனரும் ஒரே நேரத்தில் லண்டனில் மேடையேறினர். ஃபூ பகிரங்கமாகச் சவால் விட்டார். ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் இருவரும் செய்து காட்டுவது என்று ஏற்பாடாகியது. குறித்த நாளில் ராபின்சன் வந்து தம் வித்தைகளைச் செய்தார். ஃபூ வரவில்லை. "அவர் சீனர்தான் என்பதை முதலில் நிரூபிக்கட்டும்" என்பது அவர் தரப்பின் வாதம். அந்த வாதம் எடுபடவில்லை. லண்டன் மக்களுக்கு உண்மையைவிட ஆட்டம்தான் வேண்டியிருந்தது. அசல் ஊர் திரும்பியது. நகல் நிலைத்து நின்றது. பிறருடைய பெயரையும் உடையையும் அடையாளத்தையும் எடுத்துக்கொண்டு ஒருவர் பிழைக்க, உரியவர் வெளியேற வேண்டியதாயிற்று என்பதையும் இந்த வரலாற்றில் மறந்துவிடக் கூடாது.

துப்பாக்கி பேசிய நாள்

ராபின்சனின் மிகப் பெரிய வித்தை துப்பாக்கிக் குண்டைப் பிடிப்பது. பார்வையாளர்கள் இரண்டு குண்டுகளில் அடையாளம் இடுவார்கள். அவை பழைய பாணித் துப்பாக்கிகளில் வாய்வழியாகப் போடப்பட்டு, மருந்தோடு கெட்டிக்கப்படும். சீன வீரர்களைப் போல உடையணிந்த உதவியாளர்கள் குறிபார்த்துச் சுடுவார்கள். புகை கலைந்ததும், கையிலிருந்த பீங்கான் தட்டில் அந்தக் குண்டுகளை ஏந்தி நிற்பார்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். அடையாளமிட்ட குண்டுகள் முன்னதாகவே மாற்றப்பட்டுவிடும். அவை வித்தைக்காரரின் கையில் ஒளிந்திருக்கும். வேறு குண்டுகள்தாம் துப்பாக்கிக்குள் போகும். அந்தக் குண்டும் வெளியே வராது. ஏனென்றால், குண்டு இருக்கும் குழாய்க்குத் தீ போகாதபடி துப்பாக்கி மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. கீழே இடிகோல் செருகும் குழாயில் உள்ள வெறும் மருந்து மட்டுமே வெடிக்கும். சத்தம் வரும். புகை வரும். குண்டு மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் உள்ளே தங்கிய குண்டையும் மருந்தையும் எடுக்க வேண்டும். வெட்டவெளியில் சுட்டுத் தீர்த்திருந்தால் ஆபத்தில்லை. ராபின்சனோ துப்பாக்கியின் பின்பகுதித் திருகைக் கழற்றி அவற்றை வெளியே எடுப்பது வழக்கம். ஆண்டுக்கணக்கில் கழற்றி மாட்டியதில் திருகின் மரை தேய்ந்தது. தேய்ந்த இடுக்கில் மருந்துத் துகள்கள் சேர்ந்தன.

1918ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி. லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கம். துப்பாக்கி வெடித்தது. இம்முறை தீ, தேய்ந்த இடுக்கு வழியாக மேல் குழாய்க்கும் பரவியது. குண்டு ராபின்சனின் மார்பில் பாய்ந்தது. பதினெட்டு ஆண்டுகளாக மேடையில் ஆங்கிலம் பேசாத மனிதர், ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, திரையை இறக்குங்கள் என்று ஆங்கிலத்தில் அலறியபடி சாய்ந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. விசாரணையில் துப்பாக்கி நிபுணர் ஒருவர் அந்த ஆயுதத்தைப் பிரித்து ஆராய்ந்து காரணத்தை விளக்கினார். தற்செயலான விபத்து என்று தீர்ப்பாயிற்று.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. தொழில் தெரிந்த ஒரு துப்பாக்கிக் கொல்லரிடம் அவ்வப்போது காட்டியிருந்தால், அந்தத் தேய்மானம் சில நிமிடங்களில் கண்ணில் பட்டிருக்கும். ஆனால், காட்டினால் இரகசியம் போய்விடும். துப்பாக்கிகளைத் தயார்படுத்தும் வேலையை அவர் தாமே செய்துவந்தார். பிறர் கண்ணுக்கு மறைத்து வைத்த பொருளில் இருந்த பழுதும் பிறர் கண்ணுக்கு மறைந்தே போனது. அவரைக் கொன்றது குண்டு மட்டுமல்ல, இரகசியமும்தான்.

அவர் வாழ்க்கையில் இன்னொரு திரையும் இருந்தது. மேடையில் சீனப் பெண்ணாகத் தோன்றி அவருக்குத் துணைநின்றவர் அமெரிக்கப் பெண்மணி. உலகத்தார் கண்ணுக்கு அவர்தாம் மனைவி. ஆனால், வேறொரு பெண்ணுடனும் பிள்ளைகளுடனும் லண்டன் புறநகரில் ராபின்சனுக்குத் தனியே ஒரு குடும்பம் இருந்தது. படம் பார்த்தவர்களுக்கு இந்த இரட்டை வாழ்க்கை எதையோ நினைவூட்டும்.

நேர்மையான பொய்யும் நேர்மையற்ற பொய்யும்

அப்படியானால் மாயவித்தை என்பதே ஏமாற்று வேலைதானா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவர் ஜான் நெவில் மாஸ்கலின். 1839ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர். கடிகாரம் பழுது பார்க்கும் தொழில் செய்தவர்.

அந்நாளில் டேவன்போர்ட் சகோதரர்கள் என்ற இரு அமெரிக்கர்கள் ஊர் ஊராகச் சென்று கூட்டம் சேர்த்தார்கள். அவர்களைக் கயிற்றால் கட்டி மரப்பெட்டிக்குள் உட்கார வைப்பார்கள். விளக்கு அணைந்ததும் உள்ளேயிருந்து மணியோசையும் வாத்திய ஓசையும் எழும். இது ஆவிகளின் செயல் என்று பலர் நம்பினர். 1865ஆம் ஆண்டு செல்டனம் நகரில் அந்தக் காட்சியைக் காணச் சென்றார் மாஸ்கலின். சாளரத்தை மறைத்திருந்த திரை ஒரு கணம் விலகி வெளிச்சம் உள்ளே விழுந்தது. கட்டவிழ்ந்த கை வாத்தியத்தை வீசியதை அவர் பார்த்துவிட்டார். அடுத்த சில மாதங்களில் நண்பர் குக்குடன் சேர்ந்து அதே வித்தையை அதே ஊரில், எந்த ஆவியின் துணையும் இல்லாமல் செய்து காட்டினார். 1873ஆம் ஆண்டு தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லண்டனின் எகிப்திய மண்டபத்தில் அவருடைய நிகழ்ச்சிகள் நடந்தன.

மாஸ்கலினும் ஏமாற்றினார், டேவன்போர்ட் சகோதரர்களும் ஏமாற்றினர். வேறுபாடு எங்கே? மாஸ்கலின் "இது வித்தை" என்று சொல்லிவிட்டு ஏமாற்றினார். மற்றவர்கள், அது வித்தை அன்று என்று மக்கள் நம்பும்படி விட்டார்கள். இதே போராட்டத்தைப் பிற்காலத்தில் நடத்தியவர் ஹாரி ஹூடினி. இறந்தவர்களோடு பேச வைப்பதாகச் சொல்லி, துயரத்தில் இருப்பவர்களிடம் பணம் பறித்தவர்களை அவர் மேடைதோறும் அம்பலப்படுத்தினார். 1926ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சியம் அளித்தார்.

அதே ஹூடினி தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கி இறந்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அதுவும் பொய். 1953ஆம் ஆண்டு வந்த ஒரு திரைப்படம் அவர் முடிவை அப்படிக் காட்டியதால் அந்தக் கதை பரவியது. உண்மையில் குடல்வால் வெடித்து ஏற்பட்ட தொற்றினால் 1926ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி டெட்ராய்ட் நகர மருத்துவமனையில் அவர் இறந்தார்.

மாயவித்தையை ஆட்சிக் கருவியாகப் பயன்படுத்தியதும் உண்டு. பிரான்ஸ் நாட்டின் ராபர்ட் ஊடினும் கடிகாரத் தொழிலாளிதான். 1856ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த சமயப் பெரியவர்களைவிட பிரெஞ்சுக்காரர்களின் சக்தி பெரிது என்று காட்டுவதே நோக்கம். ஒரு சிறு பெட்டியைக் குழந்தைகூடத் தூக்கியது. பிறகு ஒரு பலசாலியை அழைத்துத் தூக்கச் சொன்னார். பெட்டி அசையவில்லை. மேடைக்கு அடியில் இருந்த மின்காந்தம் அதைப் பிடித்துக்கொண்டது. மின்சாரத்தை அறியாதவர்களிடம் மின்சாரத்தை மந்திரமாகக் காட்டிய செயல் அது. அதைக் கலை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

சென்னையிலிருந்து சென்ற வித்தை

இந்த வரலாற்றில் தென்னிந்தியர்களுக்கும் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வித்தைக்காரர்கள் லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ரமோ சாமி. ராமசாமி என்ற பெயரே ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்தது என்று கருதப்படுகிறது. வாளை விழுங்குவது, பந்துகளை வீசிப் பிடிப்பது, மணிகளை வாய்க்குள் நூலில் கோப்பது ஆகியவற்றில் அவர் தேர்ந்தவர். இந்திய வித்தைக்காரர்களின் கைத்திறனைக் கண்டு வியந்து, ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1821ஆம் ஆண்டு ஒரு கட்டுரையே வெளியிட்டார். ஆனால், அந்தப் புகழ் ராமசாமிக்குச் சோறு போடவில்லை. 1850ஆம் ஆண்டு லண்டனில் அவர் இறந்தபோது, அடக்கம் செய்யவும் வழியின்றி அவர் மனைவி பிறரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

1830ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் ஒருவர், ஒரு கோலின் மீது கையை மட்டும் ஊன்றி, ஆகாயத்தில் அமர்ந்து காட்டினார். இந்தச் செய்தி ஆங்கில இதழ்களில் படத்துடன் வந்தது. கோலுக்குள்ளும் ஆடைக்குள்ளும் மறைந்திருந்த இரும்புச் சட்டமே அவரைத் தாங்கியது என்பது இந்த வித்தைக்குச் சொல்லப்படும் விளக்கம். சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1847ஆம் ஆண்டு, ராபர்ட் ஊடின் பாரிஸ் மேடையில் தம் மகனை ஒற்றைக் கோலின் மீது படுத்த நிலையில் மிதக்க வைத்துப் பெரும்பெயர் பெற்றார். இன்றும் உலக நகரங்களின் தெருக்களில் இதே வித்தையைச் செய்பவர்களைக் காணலாம்.

சட்டம் காக்காத சொத்து

படத்தில் இருவரும் ஒருவர் வித்தையை ஒருவர் திருட ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? புதிய இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் காப்புரிமை பெறுவதுபோல வித்தைக்காரரும் பெறலாமே? ஹோரஸ் கோல்டின் என்பவர் அப்படித்தான் செய்தார்.

பெண்ணைப் பெட்டிக்குள் வைத்து இரண்டாக அறுக்கும் வித்தையை 1921ஆம் ஆண்டு சனவரியில் லண்டனில் செல்பிட் என்பவர் மேடையேற்றினார். அதே ஆண்டு அமெரிக்காவில் கோல்டின் தம்முடைய முறையில் அதைச் செய்து, 1923ஆம் ஆண்டு காப்புரிமையும் பெற்றார். ஆனால், காப்புரிமை வேண்டுமென்றால் செய்முறையை எழுதி, படம் வரைந்து அரசிடம் தர வேண்டும். அந்த ஆவணத்தை யாரும் பார்க்கலாம். 1933ஆம் ஆண்டு ஒரு சிகரெட் நிறுவனம் தன் விளம்பரத்தில் அந்த வித்தையின் சூட்சுமத்தை வெளியிட்டுவிட்டது. கோல்டின் வழக்குத் தொடுத்தார். நீங்களே ஊரறிய வெளியிட்ட ஒன்று எப்படி இரகசியம் ஆகும் என்ற கேள்வியில் 1938ஆம் ஆண்டு வழக்கு தோற்றது.

ஆக, வித்தைக்காரருக்கு இரகசியம் ஒன்றே சொத்து. அதைப் பதிவு செய்தால் பறிபோகும். பூட்டி வைத்தால் திருடு போகலாம். அதனால்தான் அந்தத் தொழிலில் நட்பும் சந்தேகமும் ஒன்றாகவே வளர்ந்தன.

அறுக்கும் வித்தையில் இன்னொரு சம்பவம். வங்காளத்தைச் சேர்ந்த பி.சி. சர்க்கார் 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை மின்வாளால் இரண்டாக அறுத்தார். பிறகு எழுப்ப முயன்றார். அவள் எழவில்லை. நிகழ்ச்சி நடத்துநர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் இறந்துவிட்டாள் என்று அஞ்சிய மக்கள் தொலைபேசியில் பிபிசியை முற்றுகையிட்டனர். நேரமாகிவிட்டதால்தான் நிகழ்ச்சி முடிந்தது, அவள் நலமாக இருக்கிறாள் என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் சர்க்கார்! லண்டன் அரங்கில் அவர் நிகழ்ச்சிகளுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

வித்தையிலிருந்து திரைக்கு

இத்தகைய கதையைத் திரைப்படம் சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. ராபர்ட் ஊடினின் அரங்கத்தை 1888ஆம் ஆண்டு விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் மெலியஸ். அவர் வித்தைக்காரர். 1896ஆம் ஆண்டு, நாற்காலியில் அமர்ந்த பெண் மறைந்துபோகும் புகழ்பெற்ற மேடை வித்தையை அவர் படம் பிடித்தார். மேடையில் அதற்குத் தரையில் இரகசியக் கதவு தேவைப்பட்டது. மெலியஸ் படக்கருவியை நிறுத்தினார், பெண்ணை எழுந்து போகச் சொன்னார், மீண்டும் ஓடவிட்டார். திரைப்படத் தந்திரக் காட்சிகளின் முன்னோடி அவர். சினிமாவைத் தொடக்க காலத்தில் வளர்த்த கைகளில் மாயவித்தைக்காரரின் கையும் ஒன்று.

'தி பிரெஸ்டீஜ்' படத்திலும் அந்த உறவு தொடர்ந்தது. வித்தைக்காரரும் வித்தை வரலாற்று அறிஞருமான ரிக்கி ஜே அதில் மூத்த வித்தைக்காரராக நடித்தார். படத்தில் வரும் நிக்கோலா டெஸ்லாவும் வரலாற்று மனிதரே. 1899ஆம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் மலையூரில் ஆய்வகம் அமைத்துச் செயற்கை மின்னல்களை எழுப்பினார். அதுவரை உண்மை. படத்தில் அவர் செய்து தரும் இயந்திரம் மட்டும் கதாசிரியரின் கற்பனை.

மீண்டும் முதல் கேள்விக்கு வருவோம். இரகசியத்தைக் காக்க எவ்வளவு விலை கொடுக்கலாம்? கலைஞன் தன் உழைப்பை, உறக்கத்தை, ஓய்வைக் கொடுக்கலாம். அது அவனுடையது. ஆனால், அந்த விலையில் ஒரு பங்கை அவன் மட்டும் கொடுப்பதில்லை என்பதைத்தான் படமும் சொல்கிறது, வரலாறும் சொல்கிறது. தொட்டிக்குள் சிக்கிய மனைவி படத்தில் வருகிறாள். அடையாளத்தை இழந்து ஊர் திரும்பிய சீனரும், அடக்கச் செலவுக்குக் கையேந்திய ராமசாமியின் மனைவியும் வரலாற்றில் வருகிறார்கள்.

வித்தை முடிந்து விளக்கு எரிந்ததும் "இது வித்தைதான்" என்று சொல்லித் தலைவணங்கும் கலைஞர், நமக்கு வியப்பைக் கொடுத்துவிட்டு நம் அறிவை நம்மிடமே திருப்பித் தருகிறார். விளக்கு எரிந்த பிறகும் அதைத் திருப்பித் தராதவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை. அவர்கள் மேடையில் மட்டும் இருப்பதில்லை. விரைவில் பணக்காரராகலாம் என்று தொலைபேசியில் அழைப்பவரிடமும், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து விற்பவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் மறைத்து வைத்திருப்பது என்ன, அதற்கு விலை கொடுக்கப் போவது யார்? தீர விசாரிப்பதே மெய்.